கரிச்சீட்டும் மஞ்சள் போஞ்சியும்

என் பெட்டியில் ஆபத்தான பொருள் இருக்கிறது என்பது தலைமன்னாரில் இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த இரண்டு படி அம்மோனியம் சல்பேட்டைச் சுங்க அதிகாரி வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். "சீனியா?" என்று கேட்டார். உரம் என்றேன். அது பயிருக்கு என்னென்ன நன்மை செய்யும் என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துப் பொட்டலத்தை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் குளித்தலைப் பக்கத்தில் அரசாங்க விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர். சுதந்திரம் வந்த பிறகு கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய், உரம் போடுங்கள், வரிசையில் நடுங்கள் என்று சொல்லுகிற உத்தியோகம். எங்கள் பக்கத்தில் எனக்கு 'எரு ஐயா' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

என் தங்கை பொன்னம்மா கல்யாணமாகித் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறாள். கொழுந்து பறிக்கிற வேலை. அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அவளுக்கு விட்டிருந்த மரக்கறித் தோட்டத்தில் மண் செத்துவிட்டதாம். மழைக்கு மண் கரைந்து கான்களை, அதாவது எஸ்டேட் வடிகால்களை, அடைக்கிறது என்று துரைக்குக் கோபமாம். அடுத்த மாதம் அவர் சுற்றிப் பார்க்க வரும்போது எந்தத் தோட்டம் பயிர் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கிறதோ அதைப் பிடுங்கித் தேயிலை வைத்துவிடப் போகிறாராம். 'நீங்க மண்ணு வைத்தியம் படிச்சவங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கண்ணே' என்று முடித்திருந்தாள். என்னை நம்பி ஒருத்தி கடல் தாண்டிக் கூப்பிடுகிறாள்! ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மலை ரயில் ஏறும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. வட்டவளை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பஞ்சு அடைத்தது போல் மூடுபனி. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "தலவாக்கலை வந்தா எழுப்புறேன், நீங்க தூங்குங்க" என்றார். நல்ல மனுஷர். அட்டன் தாண்டியதும் அவரும் தூங்கிவிட்டார். இரண்டு பேரும் நானுஓயாவில் கண் விழித்தோம். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதான் என்பதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நானுஓயாவில் பஸ் இல்லை. கோவா ஏற்றிக்கொண்டு கீழே போகிற லாரி ஒன்று கிடைத்தது. நாம் முட்டைக்கோஸ் என்பதை அங்கே கோவா என்கிறார்கள். டிரைவர் பண்டா சிங்களவர். பாதி சிங்களம், பாதி தமிழ், மீதி கைஜாடை. என் உத்தியோகத்தை அவருக்குப் புரியவைக்க மூன்று வளைவு ஆயிற்று. புரிந்ததும் சிங்களத்தில் என்னமோ சொல்லிச் சிரித்தார். பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஆள் எனக்கு மொழிபெயர்த்தார். "இந்த மலையில மண்ணை ஒரு எடத்துல நிக்க வச்சுட்டீங்கன்னா ஒங்களைக் கும்பிடுறேங்கிறாரு. மழை பெஞ்சா மண்ணெல்லாம் இவரோட லாரியை விட வேகமாக் கீழ போயிருமாம்."

சாலைக்கு மேலே மழை அறுத்த சிவப்புச் சரிவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் மண் தட்டையாகப் படுத்திருக்கும். இங்கே நின்றுகொண்டிருக்கிறது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பொன்னம்மாவின் வீடு பத்துக் காம்பிரா லயத்தில் நாலாவது. காம்பிரா என்றால் ஒரே அறை. முன்னால் அடுப்பு, உள்ளே படுக்கை, அவ்வளவுதான். மாப்பிள்ளை ஆறுமுகம் அதிகம் பேசாதவர். என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "மச்சான் எளச்சுட்டீங்க" என்றார். என் தொந்தியைப் பார்த்துக்கொண்டே அதை எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பொன்னம்மா ரொட்டி சுட்டுத் தேங்காய்ச் சம்பலோடு கொடுத்தாள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய கனமான ரொட்டி. இரண்டு தின்றால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்காது. நான் நாலு தின்றேன். பிறகு தேத்தண்ணி வந்தது. பால் கிடையாது. உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்தாள். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். காப்பி இல்லாமல் கண் திறக்காத நான், மூன்றாம் நாளே இரண்டாவது கோப்பை கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

நான் வந்த மறுநாள் விடிவதற்குள் பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள். பெரட்டு என்றால் ஆட்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அவர்கள் இருவரும் போனபின் நான் தனியாகத் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். லயத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவில், நாலு கட்டில் போடும் அகலத்தில் ஒரு துண்டு நிலம். போஞ்சிக் கொடிகள் காய்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றன. போஞ்சி என்பது நம் பீன்ஸ்தான். மண்வெட்டியைப் போட்டேன். டங் என்றது. மேல் மண் போய், அடியில் இருந்த செங்கட்டி வெளியே வந்திருந்தது. வருஷத்துக்கு மூன்று போகம், ஓய்வே இல்லாமல் எடுத்தால் எந்த மண்தான் தாங்கும்? கையில் அந்த இரண்டு படி உரமாவது இருந்திருக்கலாம். அதைச் சுங்கக்காரர் வீட்டுத் தேநீரில் போட்டுக் குடித்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

சாயங்காலம் பொன்னம்மாவிடம் சொன்னேன், ஒரு வருஷம் மண்ணைச் சும்மா போடவேண்டும் என்று.

"சும்மா போட்டா தேயிலை வச்சிருவாங்கண்ணே. அதுக்குத்தானே ஒங்களைக் கூப்பிட்டேன்" என்றாள். அப்புறம், "ஞாயித்துக்கெழம கரிச்சீட்டு எனக்கு விழுது. அதை வச்சு ஏதாச்சும் பண்ணுவோம்" என்றாள்.

கரிச்சீட்டா? எனக்குப் பணச்சீட்டு தெரியும், பாத்திரச்சீட்டு தெரியும். இது என்ன புதுசு?

அன்றைக்கே அதைக் கண்ணால் பார்த்தேன். எஸ்டேட்டில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற கட்டைக் குச்சிகளை மிலாறு என்கிறார்கள். அதுதான் அடுப்புக்கு விறகு. சோறு வெந்ததும் பொன்னம்மா மிலாறைச் சாம்பலாக விடவில்லை. தணலாக இருக்கும்போதே வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்று புகைந்தது. அதே நேரத்தில் பக்கத்துக் காம்பிராவிலும் சுர்ர். அதற்கடுத்ததிலும் சுர்ர். பத்து அடுப்பும் வரிசையாக அணைந்தன. அணைந்த கரியை ஆளுக்கொரு தகரத்தில் போட்டார்கள். வாரம் முழுவதும் சேர்கிற பத்து வீட்டுக் கரியும் ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டுக்குப் போகும். அடுத்த வாரம் அடுத்த வீடு. இதுதான் கரிச்சீட்டு.

"கரியில என்ன சத்து இருக்கு?" என்று நான் சிரித்தேன். "எரிஞ்சுபோன விறகு. மண்ணுல போட்டா மண்ணு கறுப்பாகும், அவ்வளவுதான்."

"ரோசம்மா அக்கா தோட்டத்தைப் பாத்துட்டு அப்பறம் சிரிங்க" என்றாள் தங்கை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ரோசம்மா கடைசிக் காம்பிராக்காரி. கழுத்தில் சிலுவை, இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி. சீட்டை ஆரம்பித்தவளும் நடத்துகிறவளும் அவள்தான். அவள் தோட்டமும் அதே சரிவுதான், அதே மழைதான். ஆனால் போஞ்சி பிடுங்கிய இடத்தில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ், லீக்ஸ் எடுத்த இடத்தில் கோவா, ஓரத்தில் அடுத்த நடவுக்கு நாற்று. ஒரு சாண் இடம் வெறுமையாக இல்லை. மண்ணுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே ஈரமாக, பொலபொலவென்று, கறுப்பாக இருந்தது. எடுத்துப் பிழிந்தேன். நான் டெமான்ஸ்ட்ரேஷன் வயலில்கூட அந்த மாதிரி மண்ணைப் பார்த்ததில்லை.

"இது எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றேன். என் குரலில் மரியாதை தானாக வந்து சேர்ந்திருந்தது.

"நான் எங்க தம்பி கண்டுபிடிச்சேன்? மாட்டுப்பட்டிக்குக் கீழ மிலாறு எரிஞ்ச கரி கொட்டிக் கெடந்துச்சு. மாட்டு மூத்திரமெல்லாம் அதுலதான் எறங்கும். அங்க ஒரு பூசணி தானா மொளைச்சு, மூணு வருஷமா நிக்காமக் காச்சுச்சு. பூசணிக்கு யாரு பாடம் சொன்னா?"

நான் அப்போதே மதம் மாறிவிட்டேன். புதிதாக மதம் மாறினவனுக்கு இருக்கிற வேகம் பழைய பக்தனுக்கு இராது. என் விஷயத்தில் அதுதான் வினையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பத்துத் தகரமும் பொன்னம்மா வாசலுக்கு வந்தன. கொட்டினால் இடுப்பளவு குவியல். ரோசம்மா ஒரு கரித்துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். "மொதல்ல இடிச்சு, பீப்பாயில போட்டு, மாட்டு மூத்திரமும் சாணித்தண்ணியும் ஊத்தி ரெண்டு வாரம் ஊறப் போடு, பொன்னம்மா. கரி பசியோட வரும். சோறு போட்டுட்டுத்தான் மண்ணுக்கு அனுப்பணும்" என்றாள்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். துரை வர மூன்று வாரம் இருந்தது. ரெண்டு வாரம் ஊறப் போட்டால் விதைக்க எங்கே நேரம்? பாக்கி ஒரு வாரத்தில் போஞ்சி முளைத்து மண்ணுக்கு மேலே வருவதற்குள் துரை வந்து நிற்பார். ஆகவே திங்கட்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனதும் நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். சரிவுக்குக் குறுக்காகப் பத்துப் பாத்தி பிடித்தேன். ஓரத்தில் கல் அடுக்கினேன். இதுவரை நான் செய்தது சரி. பிறகு அந்த இடுப்பளவு கரியையும் இடித்து, காய்ந்தது காய்ந்தபடியே மண்ணில் கலந்து, போஞ்சி விதையை ஊன்றிவிட்டேன். முதுகு இரண்டாக உடைந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் பொன்னம்மா கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள். "ஊறப் போடலையாண்ணே?"

"நாள் இல்லைம்மா. கரி கரிதான். மண்ணுக்குள்ளேயே ஊறிக்கும்."

அவள் கூடவே வந்த ரோசம்மாவைப் பார்த்தாள். ரோசம்மா, "படிச்சவங்க செஞ்சிருக்காங்க, பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். "எங்க அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று பொன்னம்மா அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அந்த வார்த்தை பின்னால் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

ஒரு வாரத்தில் போஞ்சி முளைத்தது. பத்துப் பாத்தியிலும் பச்சைக் கொக்கி கொக்கியாக மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. நான் லயம் முழுவதும் ஆளைக் கூட்டி வந்து காட்டினேன். அடுத்த சில நாட்களை ஊர் சுற்றுவதில் கழித்தேன். நோர்வூட்டுக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டது. நடத்துனர், "ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க, பொம்பளைங்க எறங்கி நடங்க" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். எங்கள் ஊரில் இப்படி ஆகியிருந்தால் கண்டக்டரின் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்திருப்போம். தள்ளி முடித்ததும் ஒருவர் எனக்கு வெற்றிலை கொடுத்து, "ஒங்களுக்கு ஏத்தம் பழக்கமில்ல போல, மூச்சு வாங்குது" என்றார்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். போஞ்சி இலைகள் வெளுத்திருந்தன. அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழ நிறம். ஒரு பாத்தி பாக்கியில்லாமல் மஞ்சள்.

காரணம் உடனே தெரிந்துவிட்டது. பச்சை மரத்தூளை வயலில் கொட்டாதீர்கள், அது பயிருக்குப் போகிற சத்தைத் தான் பிடித்துக்கொள்ளும் என்று எத்தனை கிராமத்தில் மேடை போட்டுப் பேசியிருக்கிறேன்! ஊறாத கரியும் அப்படித்தான் செய்யும் என்று தோன்றாமல் போய்விட்டதே! இன்னும் ஒன்பது நாளில் துரை வரப்போகிறார். செத்த பயிரும் வெறும் தோட்டமும் அவருக்கு ஒன்றுதான்.

பொன்னம்மா வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

ரோசம்மா அந்தக் குறையை வைக்கவில்லை. "நான்தான் சொன்னேன்ல தம்பி, கரிக்குப் பசின்னு? சோறு போடாம அனுப்புனா அது பக்கத்து எலையிலதான் கை வைக்கும். இந்தப் பிஞ்சுப் பயிரு சாப்பாட்டையெல்லாம் அதுதான் தின்னுக்கிட்டு இருக்கு."

"நாளில்லைன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"நாளில்லைன்னா கேட்டிருக்கலாம்ல? நாத்து நான் விட்டு வச்சிருந்தது எதுக்கு? ரெண்டு வாரம் கரியை ஊறப் போட்டுட்டு, அப்பறம் கோவா நாத்தைத் தூக்கி நட்டா அன்னைக்கே தோட்டம் பச்சை. தொரை வந்து என்ன சொல்ல முடியும்?"

அவள் ஓரத்தில் வளர்த்துக்கொண்டிருந்த நாற்று பொன்னம்மாவுக்காக! அதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். யாருக்கு என்று கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எங்கள் இலாகாவில் கேட்கிற பழக்கம் கிடையாது, சொல்லுகிற பழக்கம்தான்.

"இப்ப அந்த நாத்தை நடலாமா?" என்றேன்.

"அதையும் இந்தப் பசிக்குத் தின்னக் குடுக்கவா? மொதல்ல கரிக்குச் சோறு ஊத்துங்க. பட்டியில மாடு நாலு இருக்கு. எங்களுக்கு வேலை இருக்கு. ஒங்களுக்குத்தான் லீவு."

இப்படியாக, இந்திய அரசாங்கத்து விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் இலங்கையில் மாட்டு மூத்திரம் சுமக்கப் போனான். பட்டியில் கல் தளத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால். அதன் முனையில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்துக் காத்திருக்க வேண்டும். மாடுகள் நான் நிற்கும்போது ஒரு சொட்டு விடாது. முதுகைத் திருப்பினால் நாலும் சேர்ந்து ஆரம்பிக்கும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, சரிவில் வழுக்காமல் ஏறி, வேரில் ஊற்ற வேண்டும். இரண்டு முறை வழுக்கினேன். கொண்டுவந்திருந்த ஒரே வெள்ளைச் சட்டை அதற்குப் பிறகு வேறு எதற்கும் பயன்படாமல் போயிற்று. கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, இன்னைக்கு எத்தனை தகரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கரிச்சீட்டில் அடுத்த முறைக்காரர் ஏழாவது காம்பிராக்காரர். தன் கரியை ஊறப்போட அவர் சேர்த்து வைத்திருந்த ஒரு பீப்பாய்ச் சாணித்தண்ணீரையும் கேட்காமலே கொண்டுவந்து ஊற்றினார். அப்படியும் மேல் ஆறு பாத்திக்குத்தான் எட்டியது. கீழ் நாலு பாத்தியும் மஞ்சளாகவே நின்றன. ஆறாம் நாள் மேல் பாத்திகளில் நடுக்குருத்து பச்சையாக எட்டிப் பார்த்தது. பொன்னம்மா அன்றைக்குத்தான் என்னோடு பேசினாள். "அண்ணே, குளிச்சுட்டு வந்து சாப்புடுங்க" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துரை வந்த நாள் காலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. துரை வெள்ளைக்காரர், உயரமான மனிதர், கையில் பிரம்பு. கணக்கப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வந்தார். அடுத்த லயத்தில் ஏற்கனவே இரண்டு தோட்டங்களைத் தேயிலைக்கு என்று எழுதிவிட்டார்கள் என்ற செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்தது. பொன்னம்மா மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை முதுகில் போட்டபடியே ஓடிவந்தாள்.

துரை தோட்டத்துக்கு முன்னால் நின்றார். எங்கள் ஆட்களோடு பழகிக் கற்ற தமிழ் அவருடையது. யாரானாலும் 'நீ'தான்.

"மேலே பச்சை. கீழே மஞ்சள். இது என்ன?"

இந்தக் கேள்விக்காக நான் மூன்று நாளாக ஆங்கிலத்தில் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே நைட்ரஜன் நாலு தடவை வரும். வாயைத் திறந்தேன். அதற்குள் பொன்னம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"மண்ணு மேல தப்பில்லைங்க தொரை. எங்க அண்ணன் கரிக்குச் சோறு போடாம மண்ணுல போட்டுட்டாங்க. அதான் மஞ்சளாச்சு. அப்பறமா ஊத்துன சோறு மேல் பாத்தி வரைக்குந்தான் எட்டுச்சு, அது பச்சையாச்சு. கீழயும் ஊத்துவோம், அதுவும் பச்சையாகும்."

துரை என் பக்கம் திரும்பினார். "நீ யார்?"

"அக்ரிகல்ச்சுரல் டெமான்ஸ்ட்ரேட்டர், சார். இந்தியாவிலிருந்து."

"என்ன டெமான்ஸ்ட்ரேட் பண்ண வந்தது?"

"எப்புடிச் செய்யக்கூடாதுன்னு காட்ட வந்தாங்க தொரை" என்றாள் என் தங்கை.

லயமே சிரித்தது. கணக்கப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். துரை சிரிக்கவில்லை. குனிந்து மண்ணைக் கிளறினார். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். பாத்திக்குக் கீழே கானைப் போய்ப் பார்த்தார். காலை மழைக்கு அங்கே சருகு ஒதுங்கியிருந்தது, செம்மண் சேறு இல்லை. நல்ல அறிகுறி என்று நான் மூச்சு விடப் போகும்போது நிமிர்ந்து கேட்டார். "இவ்வளவு கரி எங்கேயிருந்து வந்தது? ஃபாக்டரி அடுப்பிலிருந்து எடுத்ததா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. ஃபாக்டரிக் கரி எஸ்டேட் சொத்து. அதைத் தொட்டால் தோட்டம் மட்டுமல்ல, வேலையும் போகும். ஆறுமுகம் ஒரு அடி முன்னால் வைத்து நின்றார்.

ரோசம்மா இடுப்புக் கத்தியை எடுத்து வாசல்படியில் வைத்துவிட்டு, "வந்து பாருங்க தொரை" என்றாள். முதல் காம்பிராவின் கதவைத் திறந்துவிட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகரம், அதில் பாதிக்குக் கரி. இரண்டாவது காம்பிரா, அங்கேயும் தகரம். துரை தலை இடிக்காமல் குனிந்து குனிந்து பத்து வாசலிலும் எட்டிப் பார்த்தார். பத்து அடுப்பு, பத்துத் தகரம். ரோசம்மா ஒவ்வொரு வாசலிலும் எந்த வாரம் யார் முறை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிக் காம்பிராவில் துரை தகரத்திலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, விரலால் நசுக்கினார்.

"மிலாறு" என்றார்.

"ஆமாங்க. நீங்க எரிக்கக் குடுத்ததுதான்" என்றாள் ரோசம்மா.

துரை கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். கணக்கப்பிள்ளையிடம், "எழுது. இந்தத் தோட்டம் பொன்னம்மாவுக்கு. தேயிலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த லயத்துக்கு இறங்கிப் போனார். போகும்போது என்னைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். சட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் பத்துக் காம்பிராவிலும் ஒரே கொண்டாட்டம். யாரோ ரொட்டி சுட்டார்கள், யாரோ கருவாடு வறுத்தார்கள். பொன்னம்மா மட்டும் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனாள். தேடிக்கொண்டு போனேன். கீழ் நாலு பாத்தியில் குனிந்து ஒவ்வொரு செடியாக மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பல நாளாக மனசில் இருந்ததைச் சொன்னேன். "பொன்னம்மா, இந்தத் துரை விட்டார். நாளைக்கு இன்னொரு துரை வருவார். இந்தச் சரிவுல நாலு கட்டில் அகலத்துக்கு ஏன் இந்தப் பாடு? நீயும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்துடுங்க. என் பங்கிலே ரெண்டு மா நஞ்சை தர்றேன். காவேரி வண்டல். கரியும் வேண்டாம், மூத்திரமும் வேண்டாம். கையைக் கழுவி ஊத்தினாலே முளைக்கும்."

நிஜமாகத்தான் சொன்னேன். பத்திரம் எழுதித் தரவும் தயாராக இருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, நான் இருக்குற காம்பிரா எஸ்டேட்டோடது. நடக்குற பாதை எஸ்டேட்டோடது. பறிக்கிற கொழுந்தும் எஸ்டேட்டோடது. ஒங்க நெலம் இருக்கே, அது காவேரி கொண்டாந்து போட்டது. அதுல நீங்க என்ன செஞ்சீங்க? இந்த மண்ணு அப்புடியில்ல. என் அடுப்புல எரிஞ்சது, நாங்க பத்துப் பேரும் சேத்தது. இது நாங்க பண்ணுன மண்ணுண்ணே. பண்ணுனதை விட்டுட்டு எங்க வரச் சொல்றீங்க?"

கீழ்ப் பாத்திக்கு இன்னும் சோறு ஊற்றவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. தகரத்தை எடுத்துக்கொண்டு மாட்டுப்பட்டிக்கு நடந்தேன்.